ஜெர்மன் கத்துக்குறீங்களா? இறந்தகாலத்தில் குழப்பும் ‘வலுவான’, ‘வலுவற்ற’ வினைகள்.. ஈஸியா புரிஞ்சுக்கலாம்!

கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள வடக்கனந்தலில் இருந்து நர்சிங் முடித்து ஜெர்மனி போக ஒருவர் நினைத்தால், முதல் தடை விமான டிக்கெட் அல்ல, மொழிதான். இந்தியத் திறன் பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20 ஆயிரத்தில் இருந்து 90 ஆயிரமாக உயர்த்துவதாக 2024-ல் ஜெர்மனி அறிவித்தது. ஆனால், அங்கு நர்ஸாகப் பதிவு பெற பொதுவாக பி2 நிலை ஜெர்மன் தேவை. ஷிஃப்ட் முடியும்போது ‘நோயாளி சாப்பிட்டார், மருந்து கொடுத்தேன்’ என்று சொல்லவே இறந்தகாலம் வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

வலுவற்ற வினை என்றால் என்ன?

வேர்ச்சொல் மாறாது. பின்னால் ‘டே’ சேரும். லெர்னென் (கற்க) – லெர்ன்டே – கெலெர்ன்ட். பெரும்பாலான வினைகள் இந்த வகைதான். புதிதாக வரும் சொற்களும் இதில்தான் சேரும். ‘கூகுள் செய்தான்’ என்பதும் ‘கூகெல்டே’தான்.

வலுவான வினை?

இதில் உள்ளே இருக்கும் உயிரொலியே மாறிவிடும். ட்ரிங்கென் (குடிக்க) – ட்ராங்க் – கெட்ருங்கென். கேபென் (கொடுக்க) – காப் – கெகேபென். வெளியில் இருந்து ‘டே’ உதவி தேவையில்லை என்பதால் ‘வலுவான’ வினை. இந்தப் பெயர்களை வைத்தவர் தேவதைக் கதைகளால் புகழ்பெற்ற யாக்கோப் கிரிம். ப்ரிங்கென் (கொண்டுவர) – ப்ராஹ்டே போல இரண்டும் கலந்த சில வினைகளும் உண்டு.

நம்ம ஊர் பேச்சிலும் இருக்கு!

‘மாடு கயிற்றை அறுத்தது’, ‘கயிறு அறுந்தது’. வேர் ஒன்று, இறந்தகாலம் இரண்டு. தமிழ் வினைகளையும் ஆங்கில இலக்கண நூல்கள் வல்வினை, மெல்வினை என்றே பிரிக்கின்றன. ஜெர்மனிலும் இதுபோல ஹெங்கென் என்ற சொல் உண்டு. சட்டை தொங்கியது என்றால் ‘ஹிங்’. சட்டையைத் தொங்கவிட்டான் என்றால் ‘ஹெங்டே’. ஒரு வித்தியாசம்: தமிழில் பிறிதைச் செய்வது வல்வினை, ஜெர்மனில் அது வலுவற்ற வினை.

பேச்சில் எது?

பேசும்போது பெரும்பாலும் ‘ஹாபென்’ அல்லது ‘ஸைன்’ துணையோடு மூன்றாவது வடிவம் வரும். ‘குடித்தேன்’ என்பது ‘இஷ் ஹாபெ கெட்ருங்கென்’. ‘போனேன்’ என்பது ‘இஷ் பின் கெகாங்கென்’. இடம் மாறும் வினைகளுக்கு ‘ஸைன்’ வரும். கதை, செய்தி போன்ற எழுத்து நடையில் இரண்டாவது வடிவம் அதிகம். ‘இருந்தது’ (வார்), ‘வைத்திருந்தது’ (ஹாட்டே) இரண்டும் பேச்சிலும் அப்படியே வரும்.

எப்படிப் படிப்பது?

ஏறத்தாழ 200 வலுவான, ஒழுங்கற்ற வினைகள்தான் மனப்பாடத்துக்கு. ஒவ்வொன்றையும் மூன்று வடிவமாகவே எழுதிப் படியுங்க. ட்ரிங்கென்–ட்ராங்க்–கெட்ருங்கென், ஸிங்கென் (பாட)–ஸாங்க்–கெஸுங்கென் என ஒரே ஓசையில் வருவதைச் சேர்த்துப் படித்தால் பாதி வேலை முடிஞ்சுது. மீதி வினைகளுக்கு ‘டே’ போதும்.