மூக்கறிவும் மூளை நோயும்

உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு வகுத்த தொல்காப்பியர், உற்றறிதலை முதலாவதாகவும் சுவையறிதலை இரண்டாவதாகவும் வைத்து, மூக்கால் அறிதலை மூன்றாம் அறிவாக எண்ணினார். கண்ணும் செவியும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஆயின், அன்றாட வாழ்வில் மக்கள் மூக்கறிவுக்கு அத்துணை மதிப்பு அளிப்பதில்லை. கண் மங்கினால் கண்ணாடி தேடுகின்றனர். செவி மந்தமானால் வீட்டார் உடனே உணர்ந்துகொள்கின்றனர். மணம் அறியும் ஆற்றல் குறைந்தாலோ, அதனை இழந்தவரே பல வேளைகளில் அறிவதில்லை. ‘ரசம் முன்போல் இல்லை’ என்று சமைத்தவர்மேல் குறை கூறுவதோடு அது முடிந்துவிடுகின்றது.

இவ்வாறு பொருட்படுத்தப்படாத இக்குறை, மூளையையும் மனத்தையும் தாக்கும் சில நோய்களின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும் என்பதைக் கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி காட்டியுள்ளது. அம்முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம், எவ்விடத்தில் நம்பலாகாது என்பதை அறிந்துகொள்வது, முதியோர் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தருவதாகும்.

மணம் மூளையை அடையும் வழி

மூக்கின் உட்கூரையில் மெல்லிய சவ்வொன்று படர்ந்துள்ளது. மணத்தை உணரும் நரம்பணுக்கள் அதில் பல இலட்சக் கணக்கில் உள்ளன. காற்றில் வரும் மணத்துகள்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அவ்வணுக்களின் நுனியில் அமைந்திருக்கின்றன. மாந்தரிடம் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் செயற்படுகின்றன. இவ்வேற்பிகளை ஆக்கும் மரபணுக் குடும்பத்தை 1991ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்ட அமெரிக்க அறிஞர்களான ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் ஆகிய இருவருக்கும் 2004ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இந்நரம்பணுக்களின் இழைகள், சல்லடைபோல் துளைகள் நிறைந்த ஓர் எலும்பினூடே மேலேறி, மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகர்வுக் குமிழை அடைகின்றன. காட்சியும் ஒலியும் தலாமஸ் என்னும் இடைநிலையத்தில் தங்கியே மூளையின் புறணிக்குச் செல்லும். மணச் செய்திக்கோ அத்தகைய தங்கல் இல்லை. அச்சம், விருப்பு, வெறுப்பு முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும், நினைவு மண்டலத்தின் தலைவாயிலாகிய பகுதிக்கும் அது நேரே சென்று சேர்கின்றது. உணர்ச்சியையும் நினைவையும் குலைக்கும் நோய்கள் மணவறிவையும் தொடுவதற்கு இவ்வமைப்பே முதற் காரணம்.

நடுக்கத்திற்கு முன் வரும் குறை

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தம் பெயரால் இன்று வழங்கும் நடுக்குவாத நோயை 1817ஆம் ஆண்டில் விரித்தெழுதினார். அந்நோயில் புலன்களுக்குக் கேடில்லை என்பது அவர் கருத்து. கையின் நடுக்கமும் நடையின் தளர்ச்சியும் கண்ணுக்குத் தெரிந்தன. மூக்கின் குறை தெரியவில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1975ஆம் ஆண்டில், அன்சாரி, ஜான்சன் என்னும் ஆய்வாளர் இருவர் அந்நோயாளரின் மணவறிவு குன்றியிருப்பதை அளந்து காட்டினர். பின்வந்த ஆய்வுகள், நோயாளருள் மிகப் பெரும்பாலோரிடம் இக்குறை உண்டென்றும், அவர்களுட் பலர் சோதிக்கப்படும் வரை அதனை அறியாதிருந்தனர் என்றும் உறுதி செய்தன.

இக்குறை ஏன் முந்தி வருகின்றது? ஜெர்மானிய அறிஞர் ஹைக்கோ பிராக்கும் அவர் குழுவினரும் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் அளித்தனர். ஆல்ஃபா சினுக்கிளின் என்னும் புரதம் உருத்திரிந்து நரம்பணுக்களில் படிவதே இந்நோயின் அடையாளம். அப்படிவு முதலில் முகர்வுக் குமிழிலும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் தோன்றுகின்றது. உடலசைவை ஆளும் நடுமூளை அணுக்களைப் பின்னரே சென்று தாக்குகின்றது என்றனர். எல்லா நோயாளரிடமும் இவ்வரிசை பொருந்தி வருவதில்லை எனினும், மூக்கின் குறை முந்துவதற்கு இது தக்கதொரு காரணமாக நிற்கின்றது.

ஹவாய்த் தீவில் வாழும் ஜப்பானிய வழியினரான 2,267 ஆடவரைச் சோதித்த ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொடக்கத்தில் அவர்களுள் எவருக்கும் நடுக்குவாதம் இல்லை. எட்டாண்டு வரை தொடர்ந்து நோக்கியதில் 35 பேர் அந்நோயுற்றனர். முதல் நான்காண்டுகளில், மணவறிவில் கடைசிக் காற்பங்கில் நின்றோர்க்கு, மேற்பாதியில் நின்றோரைவிட நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது.

இவ்வெண்ணைக் கண்டு அஞ்சுமுன் மறுபக்கத்தையும் நோக்கல் வேண்டும். 2,267 பேரில் காற்பங்கு என்பது ஏறத்தாழ 560 பேர். நோயுற்ற 35 பேரும் அவர்களுள் அடங்குவர் என்றே வைத்துக்கொண்டாலும், எஞ்சிய ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மூக்கறிவு குன்றியிருந்தும் அக்காலத்தில் நடுக்குவாதம் அடையவில்லை என்றாகின்றது. ஆகவே, மூக்கு ஒரு குறை உண்டென்று சொல்லும். நோயின் பெயரைச் சொல்லாது.

வேறு சான்றுகளோடு சேரும்போது அதன் சொல்லுக்கு வலிமை மிகுகின்றது. 1,123 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. தண்டுவட நீரில் உருத்திரிந்த ஆல்ஃபா சினுக்கிளினைத் தேடும் சோதனை, நடுக்குவாத நோயாளருள் 87.7 விழுக்காட்டினரிடம் அதனைக் கண்டது. மரபணுக் காரணம் அறியப்படாதவராய், மணவறிவும் குன்றியவராய் இருந்த நோயாளரிடமோ அது 98.6 விழுக்காடாக உயர்ந்தது.

மறதி நோயும் மனநோயும்

அல்சைமர் எனப்படும் மறதி நோயில், நரம்பணுக்களுக்குள் தோன்றும் புரதச் சிக்கல்கள், நினைவு மண்டலத்தின் தலைவாயிலை ஒட்டிய புறணியில் தொடக்கத்திலேயே தலைகாட்டுகின்றன. ஹைக்கோ பிராக், எவா பிராக் இருவரும் 1991ஆம் ஆண்டில் இதனைப் படிநிலைகளாக வகுத்தனர். மணச் செய்தி சென்று சேரும் இடமும் அதுவே. சிக்காகோவில் அறிவுத்திறன் குன்றாத 589 முதியோரை ஐந்தாண்டு வரை நோக்கிய ஆய்வு 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் 177 பேருக்கு இலேசான அறிவுத் தளர்ச்சி ஏற்பட்டது. தொடக்கத்தில் பன்னிரண்டு மணங்களைப் பெயர் சொல்லி அறிவதில் பின்தங்கியோர்க்கு அவ்வாய்ப்பு, நன்கறிந்தோரைவிட ஐம்பது விழுக்காடு மிகுதியாக இருந்தது.

மனச்சிதைவு நோயாளரும் மணங்களை இனங்காண்பதில் பின்தங்குகின்றனர். அவர்களின் முகர்வுக் குமிழ், நோயற்றோருடையதைவிடச் சராசரியாக 23 விழுக்காடு சிறுத்திருப்பதாக 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், மனநோய் வரும் வாய்ப்பு மிகுந்த இளையோரை நோக்கிய ஆய்வு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னாளில் மனச்சிதைவு அடைந்தோர், நோய் வெளிப்படுமுன்பே இவ்வறிவில் குன்றியிருந்ததை அது காட்டியது. எனினும், தனியொருவரின் எதிர்காலத்தை இதனைக் கொண்டு கணித்துக் கூற இயலாது.

மனச்சோர்வு நோயின் நிலை சற்று வேறு. அதில் மணத்தை உணரும் கூர்மை தளர்வதும், சோர்வு நீங்கிய பின் அது மீள்வதும் காணப்பட்டுள்ளன. மற்றொன்றும் ஈண்டு நினைவு கொள்ளத்தக்கது. உணவின் சுவையும் மழலையின் மேனி மணமும் மறைந்துபோனவரின் மனம் வாடுவது இயற்கையே. ஆதலின் எது காரணம், எது விளைவு என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று.

மூக்கைச் சோதிப்பதா, சொல்லைச் சோதிப்பதா?

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டோட்டி 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை உலகெங்கும் வழங்குகின்றது. நாற்பது மணப்பட்டைகளைச் சுரண்டி முகர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட நான்கு பெயர்களுள் பொருந்துவதைத் தேர்தல் வேண்டும். அவற்றுள் ரூட் பீர், லைலாக் மலர், விண்டர்கிரீன் முதலியனவும் உண்டு. அவற்றை வாழ்நாளில் முகர்ந்திராத ஆசிய முதியவர் தவறினால், அது மூக்கின் குற்றமாகுமா? ஆதலின்தான் பல நாடுகளில் அவ்வம்மக்கள் பழகிய மணங்களைக் கொண்டு சோதனையை மாற்றியமைக்கின்றனர்.

மணத்துக்குப் பெயரிடுதல் மொழியைப் பொறுத்தது என்பதற்கு மலாய்த் தீபகற்பமே சான்று தருகின்றது. தீபகற்பத்தின் வடபகுதிக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களின் மொழியை அசிஃபா மஜித், நிக்லாஸ் புரென்ஹுல்ட் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் எழுதினர். அம்மொழியில் மணவகைகளைக் குறிக்கும் தனிச்சொற்கள் ஏறத்தாழ பன்னிரண்டு உள்ளன. பழங்குடிசை, காளான், நாட்பட்ட உணவு ஆகியவற்றின் பொதுமணத்தை ஒரே சொல்லால் குறிப்பர். நிறங்களைச் சொல்வது போலவே மணங்களையும் அவர்கள் எளிதிற் சொல்ல, ஆங்கிலம் பேசுவோர் தடுமாறினர். தமிழிலோ, பண்டு நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ என்னும் சொல் இன்று தீமணத்துக்கே உரியதாய்விட்டது.

எனவே நல்லாய்வாளர் இருவகைச் சோதனை செய்வர். மணம் உண்டா இல்லையா என்று மட்டும் வினவி, எவ்வளவு சிறிய அளவை உணர்கின்றார் என அளப்பது ஒன்று. இன்ன மணம் எனச் சொல்லச் செய்வது மற்றொன்று. முன்னது பெரிதும் மூக்கையும் முகர்வு நரம்பையும் சோதிக்கும். பின்னதில் நினைவும் சொல்லாற்றலும் கலந்துள்ளன. மறதி நோயின் தொடக்கத்தில் பின்னதே மிகுதியும் தளர்வதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

எளிய வழி தேடுவோர்க்கு எச்சரிக்கையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். வேர்க்கடலை வெண்ணெயை இரு மூக்குத் துளைகளுக்கும் தனித்தனியே காட்டி அல்சைமர் நோயைக் கண்டறியலாம் என 2013ஆம் ஆண்டில் புளோரிடாவில் நிகழ்ந்த சிற்றாய்வு கூறியது. செய்தி உலகெங்கும் பரவியது. மறு ஆண்டே பென்சில்வேனியா ஆய்வாளர் அதனைச் செய்து பார்த்தபோது அம்முடிவு கிட்டவில்லை.

குடும்பத்தார் செய்யத்தக்கன

மணவறிவு குன்றக் காரணங்கள் பல. சளி, மூக்கடைப்பு, தலைக்காயம், புகைப்பழக்கம் ஆகியவை அவற்றுட் சில. 2020ஆம் ஆண்டு முதல் பரவிய கோவிட் நோயால் இதனை இழந்தோர் பல கோடியர். முதுமையே பெருங்காரணம், 65 முதல் 80 வயதுக்குட்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் இக்குறை உண்டென்பது 1984ஆம் ஆண்டில் டோட்டியும் பிறரும் கண்ட முடிவு. ஆகவே ஒருவர்க்குப் பூவின் மணம் தெரியவில்லை என்பதற்காக அவரைப் பெருநோயாளியாக எண்ணி அஞ்சுதல் தகாது. காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுவதே முதற்கடமை. அதனுடன் உறக்கத்தில் கைகாலை வீசிக் கூவுதல், நாட்பட்ட மலச்சிக்கல், கையெழுத்துச் சிறுத்தல், அண்மை நிகழ்ச்சிகளை மறத்தல் முதலியனவும் காணப்பட்டால், நரம்பு மருத்துவரை அணுகுதல் நன்று.

நடுக்குவாதத்தையோ அல்சைமர் நோயையோ முற்றும் நிறுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. பின் முன்னறிவதால் பயன் என்னை எனச் சிலர் வினவலாம். மூளையணுக்கள் பெரிதும் அழிந்த பின் கொடுக்கும் மருந்து பயனளிப்பது அரிது. அழிவு தொடங்கும் காலத்திலேயே நோயாளரைக் கண்டால்தான் புது மருந்துகளை முறையாகச் சோதிக்க இயலும். அவ்வாயிலை மூக்கு திறந்துவைக்கின்றது.

நோய் இருப்பினும் இல்லாவிடினும், மணம் அறியாதவர்க்கு உடனடி இடர்கள் உண்டு. சமையல் வாயு கசிவதும், அடுப்பில் உணவு கருகுவதும், குழம்பு கெட்டுப்போவதும் அவர்க்குத் தெரியா. தனித்து வாழும் முதியோர் வீட்டில் வாயுக் கசிவையும் புகையையும் உணர்த்தும் கருவிகளைப் பொருத்துவதும், சமைத்த உணவின் மேல் நாளைக் குறித்து வைப்பதும் இன்றே செய்யத்தக்கன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட முகர்வுப் பயிற்சியும் உண்டு. ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் நாள்தோறும் காலையும் மாலையும் பன்னிரண்டு வாரம் முகர்ந்து வந்தோருள் ஒரு பகுதியினர் மணவறிவில் முன்னேறினர். அப்பயிற்சி மூளை நோயை நிறுத்தாது. ஆயினும் செலவும் தீங்கும் இல்லாதது.

உணவில் குறை காணும் தாத்தாவையும், பால் பொங்கிக் கருகியதை அறியாத பாட்டியையும் கடிந்துகொள்ளுமுன், அவர்கள் மூக்கருகே ஒரு கிராம்பை நீட்டி, ‘மணம் தெரிகிறதா?’ என்று அன்போடு கேட்டல் வேண்டும். தெரியவில்லை என்பாராயின், அவர்க்கு வேண்டுவது வசையன்று. மருத்துவரின் துணையும் வீட்டாரின் காவலுமே.