நாடாப்புழுவும் வலிப்பு நோயும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய நம் ஊர்களில் கால்வாய் ஓரத்தும் வெற்றுமனைகளிலும் பன்றிகள் மேய்தலைக் கண்டு முகஞ்சுளிக்கின்றோம். பன்றி நாடாப்புழுவைப் பற்றிக் கேள்வியுற்றோரும், புலால் உண்ணாதார்க்கு அதனால் தீங்கில்லை என்று கருதுவர். அக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இப்புழு முதிர்ந்து வாழும் இடம் மனிதர் குடல் ஒன்றே. ஆங்குச் சில மீட்டர் நீளம் வளரும். அதன் உடற்கண்ணிகள் கழன்று, ஆயிரக்கணக்கான முட்டைகளோடு மலத்தின்வழி வெளிப்படும். வெட்டவெளியிற் கிடக்கும் அம்மலத்தைப் பன்றி உண்ணின், முட்டையினின்று தோன்றும் கரு அதன் தசையிற் சிறு நீர்ப்பையாகத் தங்கும். நன்கு வேகாத அவ்விறைச்சியை உண்பவர் குடலில் அந்நீர்ப்பை நாடாப்புழுவாக வளரும். ஆகவே பன்றிக்கு இந்நோயைத் தருவோர் மக்களே.

இனி, முட்டைகள் மனிதர் வாயிற் புகின் யாது நிகழும்? பன்றிக்கு நிகழ்வதே நிகழும். குடலிற் புழுவுடைய ஒருவர் கைகழுவாது சமைத்த உணவு, கழுவாத பச்சைக் காய்கறி, மாசுற்ற நீர் ஆகியவற்றால் முட்டைகள் உட்சென்று, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் நீர்ப்பைகளாகும். மூளையில் தங்கியவை பல ஆண்டுகள் வாளாவிருந்து, பின்னர் அழியுங்கால் வலிப்பை உண்டாக்கும். புலால் மறுத்தார்க்கும் இந்நோய் வருதல் இவ்வாறே.

இது நம் நாட்டிற்குப் புதிதன்று. வலிப்பால் இறந்த கூலியாள் ஒருவரிடம் இந்நோய் இருந்ததை, 1888-ஆம் ஆண்டில் சென்னையில் ஆம்ஸ்ட்ராங் என்பார் எடுத்துரைத்தார். 1961-இல் டிக்சன், லிப்ஸ்கோம் என்னும் இருவர் இங்கிலாந்தில் 450 நோயாளரைப் பற்றி ஆராய்ந்து வெளியிட்டனர்; அந்நோயாளருட் பெரும்பாலார் இந்தியாவில் வாழ்ந்து திரும்பியவர். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சிறு மருந்தகத்தினின்று வளர்ந்த வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார், வேலூர் மாவட்டத்தில் வலிப்புற்றாரை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கு இப்புழுவே காரணம் எனக் கண்டனர்.

வலிப்புற்றாரைப் பேய் பிடித்தவர் என்று ஒதுக்குவார் இன்றும் உளர். இந்து திருமணச் சட்டத்தில் மணத்தடையாக இருந்த வலிப்பு 1999-ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. சட்டம் திருந்தியும் பெண்பார்க்க வருவோர் உள்ளம் திருந்தவில்லை. கைகழுவாமையால் வந்த ஒரு நோய்க்கு ஓர் இளம்பெண் வாழ்நாள் முழுதும் தலைகுனிதல் முறையாகுமோ?

நோயை மருந்தால் தீர்க்கலாம். ஆயினும் மூளையில் நீர்ப்பையுடையார் மருத்துவர் மேற்பார்வையின்றிப் புழுமருந்து உண்ணலாகாது. வருமுன் காத்தலோ எளிது. கழிப்பறை, சவர்க்காரம், நன்கு வெந்த இறைச்சி, கழுவிய காய்கறி ஆகிய நான்கும் போதும். பன்றியைத் துரத்துதல் மட்டும் பயன் தராது. நம் மலம் அதன் வாய்க்கு எட்டாதவாறு செய்தலே இச்சங்கிலியை அறுக்கும் வழியாகும். நண்பர்களே, இவ்வுண்மையை நம் இல்லத்தார்க்கும், விடுதியிற் சமைப்போர்க்கும் எடுத்துரைப்போமாக.