மணல் தட்டை மறந்த பூனை

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பூனை வளர்ப்போர் அதன் இயற்கைக் கடன்களைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய தேவை பெரும்பாலும் நேர்வதில்லை. கொல்லையில் மண் உண்டு. வேலியோரத்தில் சாம்பற்குவியல் உண்டு. பூனை தானே போகும், குழி பறிக்கும், வேலை முடிந்ததும் மூடிவிட்டுத் திரும்பி வரும். ஆனால் மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும், தில்லியின் ராமகிருஷ்ணபுரத்திலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்திலும் மூன்றாம் மாடியிலோ நான்காம் மாடியிலோ குடியிருக்கும் நம்மவர் வீட்டுப் பூனைக்குக் கொல்லை ஏது? ஒரு மூலையில் வைக்கப்படும் மணல் தட்டே அதற்குக் கொல்லை. அத்தட்டைப் பல மாதங்கள் ஒழுங்காகப் பயன்படுத்தி வந்த பூனை, ஒருநாள் திடீரென்று அதைப் புறக்கணித்து, மெத்தையிலும் துணிக்கூடையிலும் அசுத்தம் செய்யத் தொடங்கினால் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

இது அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கக் கூடும். அவ்வாறன்று. இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் நாற்றம் பரவினால் குடும்பத்தில் அமைதி குலையும். அண்டை வீட்டார் முகம் சுளிப்பர். “இதைச் சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிட்டு வாருங்கள்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைப்பர். வீட்டிலேயே வளர்ந்த பூனைக்குத் தெருவில் உணவு தேடத் தெரியாது. நாய்க்கும் வண்டிக்கும் தப்பத் தெரியாது. ஆகவே இக்கேள்விக்குச் சரியான விடை தெரியாமை ஓர் உயிரின் முடிவாகவே ஆகிவிடலாம்.

முதலில் நாம் களைய வேண்டியது ஒரு தவறான எண்ணம். பூனை நம்மீது வஞ்சம் தீர்க்கவே இவ்வாறு செய்கிறது என்று பலரும் கருதுகின்றனர். பழிவாங்குவதற்காகப் படுக்கையை நனைக்கும் சூழ்ச்சி பூனையின் இயல்பில் இல்லை. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசிய, வட ஆப்பிரிக்க வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனை என்பதை 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி உறுதி செய்தது. தளர்ந்த மண்ணைத் தோண்டிக் கழித்து மூடும் பழக்கம் அவ்வழி வந்தது. தாய் கற்றுக் கொடுக்காமலே குட்டி மணலைக் கீறத் தொடங்குவதைப் பூனை வளர்ப்போர் கண்டிருப்பர். இத்துணை ஆழமாக வேரூன்றிய பழக்கத்தை ஒரு பூனை கைவிடுமானால், அதற்குத் தக்க காரணம் இருந்தே ஆக வேண்டும். அக்காரணம் உடலில் இருக்கலாம், தட்டில் இருக்கலாம், அல்லது அச்சத்தில் இருக்கலாம். இம்மூன்றையும் இதே வரிசையில் ஆராய்தல் நலம்.

உடல்நலமே முதலில் கவனிக்கத் தக்கது. சிறுநீர்ப்பையில் அழற்சியோ கல்லோ உண்டானால் சிறுநீர் கழிக்கும்போது வலி எடுக்கும். தட்டில் நிற்கையில் வலிப்பதால், வலிக்குத் தட்டே காரணம் என்று பூனை எண்ணிக்கொண்டு, மென்மையான வேறிடம் தேடுகிறது. நோய்க்கிருமி ஏதுமின்றி, மனக்கலக்கம் காரணமாகவே சிறுநீர்ப்பை அழற்சி தோன்றுவதும் பூனைகளிடையே மிகுதி. நீரிழிவாலும் சிறுநீரக நோயாலும் வருந்தும் பூனை அதிகமாக நீர் அருந்தி அதிகமாகக் கழிப்பதால், தட்டு விரைவில் நனைந்துவிடுகிறது. முதிய பூனைக்கு மூட்டு வாதம் இருப்பின், உயர்ந்த விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்குவதே துன்பம். மலச்சிக்கலும் இவ்வாறே தட்டின்மீது வெறுப்பை உண்டாக்கும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் தனியே எடுத்துக் கூற வேண்டும். கடுவன் பூனையின் சிறுநீர்க் குழல் மிகக் குறுகியது. அதில் சிறு கல்லோ சளி போன்ற பொருளோ அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியேறாது. பூனை அடிக்கடி தட்டுக்குச் சென்று முக்கும், ஒரு சொட்டும் வராது, அல்லது இரத்தம் கலந்த சில சொட்டுகள் வரும், அடிவயிற்றைத் தொட்டால் கத்தும், உணவை மறுக்கும், வாந்தி எடுக்கும். இதனை மலச்சிக்கல் என்று கருதி மறுநாள் வரை காத்திருப்பது பேராபத்து. ஓரிரு நாட்களுக்குள் நஞ்சு இரத்தத்தில் ஏறி உயிர் பிரிந்துவிடும். இரவானாலும் விடுமுறையானாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மொழி ஒரு தடை. மருத்துவரிடம் போகுமுன் சில விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் அத்தடை பெரிதும் நீங்கும். பூனையின் வயது, கடுவனா, பெட்டையா, கருத்தடை அறுவை நடந்ததா, எத்தனை நாளாக இத்தொல்லை, நாளொன்றுக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது, அளவு கூடியதா, குறைந்ததா, இரத்தம் தென்பட்டதா, உணவு என்ன என்பனவே அவை. மும்பை பரேலில் உள்ள பாய் சாக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை 19-ஆம் நூற்றாண்டு முதலே இப்பணி ஆற்றி வருவது. கொல்கத்தாவில் பெல்காச்சியாவிலும், பெங்களூரில் ஹெப்பாளிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஓர் எச்சரிக்கையும் உண்டு: வலி தீரட்டும் என்று நாம் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கலாகாது. ஒரே மாத்திரை கூட அதன் உயிரைப் பறிக்க வல்லது.

நோய் இல்லை என்று தெரிந்தபின் தட்டை ஆராய்வோம். நம் வீடுகளில் வைக்கப்படும் தட்டுகள் பெரும்பாலும் சிறியவை. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளத்தை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள தட்டை வைக்க வேண்டும் என்பது வல்லுநர் கூறும் கணக்கு. கடைத் தட்டு கிடைக்காவிடின், அகன்ற பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, வெட்டிய விளிம்பை மழுக்கிப் பயன்படுத்தலாம். எத்தனை பூனைகளோ அத்தனை தட்டுகளும், அவற்றுக்கு மேல் ஒன்றும் வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு, இரு பூனைகளுக்கு மூன்று. அவற்றை ஒரே மூலையில் அடுக்கினால் பூனைக்கு அவை ஒன்றாகவே தோன்றும். வெவ்வேறு இடங்களில் வைப்பதே பயன் தரும்.

இடத்தையும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். உணவுக் கிண்ணத்தின் அருகில் கழிக்கப் பூனை விரும்பாது. துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் தட்டு இருந்து, பூனை உள்ளே நிற்கும்போது அவ்வியந்திரம் ஒருமுறை அதிர்ந்தால், அதன்பின் அப்பக்கமே அது போகாது. தில்லியில் தட்டைப் பால்கனியில் வைப்போர், சனவரிக் குளிரிலும் சூன் வெயிலிலும் அவ்விடம் எவ்வாறு இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓசையற்றதும், எளிதில் அடையத் தக்கதும், தப்பி ஓட வழியுள்ளதுமான இடமே ஏற்றது.

தட்டில் இடும் பொருள் நுண்ணியதாகவும் மணமற்றதாகவும் இருத்தல் நன்று. நனைந்தால் கட்டியாகும் பெண்டோனைட் களிமண் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் ராஜஸ்தானத்திலும் இது மிகுதியாக வெட்டி எடுக்கப்படுகிறது. சலித்த ஆற்று மணலும் பயன்படும். ஆனால் அது நீரை உறிஞ்சிக் கட்டியாவதில்லையாதலால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஏறக்குறைய 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பினால் போதும். மும்பையில் மழைக்காலத்தில் மணல் தானே ஈரம் ஏறிப் பிசுபிசுக்கும். அந்நாட்களில் காய்ந்த மணலைத் தனியே மூடி வைத்து மாற்றி வர வேண்டும். மணமூட்டிய மணல் நம் மூக்குக்கு இனிதே அன்றி, பூனையின் கூர்மையான மோப்பத்துக்குத் தொல்லை. நாள்தோறும் ஒருமுறையேனும் கரண்டியால் அள்ளி அகற்றுதலும், வாரந்தோறும் தட்டைச் சோப்பு நீரால் கழுவுதலும் இன்றியமையாதவை. நாற்றமடிக்கும் கழிப்பிடத்தை நாம் ஒதுக்குகிறோம் அல்லவா? பூனையும் அதையே செய்கிறது.

உடலும் நலம், தட்டும் தூய்மை என்றால், அச்சமோ கலக்கமோ காரணமா என்று பார்க்க வேண்டும். புதிய பூனை வந்தது, குழந்தை பிறந்தது, ஊரிலிருந்து விருந்தினர் வந்து தங்கினர், தீபாவளி வெடி வெடித்தது, இவற்றுள் எதுவும் போதும். உத்தியோக மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் இத்தொல்லை மிகுதி. அத்தகையோர் பழைய தட்டைக் கழுவித் தூக்கி எறியாமல், பழகிய மணலில் சிறிது எடுத்துச் சென்று புதிய வீட்டுத் தட்டில் கலத்தல் வேண்டும். முதல் சில நாட்கள் பூனையை ஓர் அறையில் மட்டும் உணவு, நீர், படுக்கை, தட்டு ஆகியவற்றுடன் வைத்திருந்து, பின்னர் மற்ற அறைகளைத் திறந்துவிட்டால் அது நிலைகொள்ளும்.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் அவசியம். கீழே குந்தி நிறையக் கழிப்பது வேறு. நின்றபடி வாலை நிமிர்த்தி நடுக்கிச் சுவரின்மீது சிறிதளவு பீச்சுவது வேறு. பின்னது கழித்தலன்று; ‘இது என் எல்லை’ என்று எழுதி வைக்கும் அடையாளம். சன்னல் வழியே தெருப் பூனை தென்படுவது இதற்கு ஒரு காரணம். சன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தால் குறையும். கருத்தடை செய்யப்பெறாத கடுவனாயின் அறுவையே நல்ல மருந்து. பத்தில் ஏறக்குறைய ஒன்பது கடுவன்களிடம் இப்பழக்கம் அதனால் நின்றுவிடுகிறது, அல்லது மிகவும் தணிகிறது.

அசுத்தம் செய்த இடத்தைத் துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. நம் இல்லங்களில் உடனே எடுப்பது பினாயில். பினால் வகைப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சாகலாம். அம்மோனியா கலந்த நீரோ சிறுநீரின் மணத்தையே ஒத்திருப்பதால், மீண்டும் அங்கேயே வரும்படி பூனையை அழைக்கும். நொதிகள் கலந்த துப்புரவு நீரால் நன்கு ஊறவைத்துத் துடைத்தலே சிறந்தது. அவ்விடத்தில் சில நாட்கள் உணவுக் கிண்ணத்தை வைத்தாலும் பூனை அங்கே கழிக்கத் தயங்கும்.

அடிப்பதாலும், முகத்தை அசுத்தத்தில் தேய்ப்பதாலும் பயன் சிறிதும் இல்லை. தண்டனை எதற்கு என்பது பூனைக்கு விளங்காது. நம்மைக் கண்டு அஞ்சுவது ஒன்றே மிஞ்சும். அச்சம் வளரத் தொல்லையும் வளரும்.

வீட்டாரின் நலத்துக்கும் ஒரு சொல். சில பூனைகளின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது கருவுற்ற தாய்மாரின் சிசுவுக்குத் தீங்கு செய்ய வல்லது. ஆகவே தட்டைத் துப்புரவு செய்யும் வேலையை அவர்களுக்கு விடாமல் மற்றொருவர் ஏற்க வேண்டும். அந்நுண்ணுயிர் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். எனவே அன்றாடம் அகற்றுவது மனிதருக்கும் காப்பு. இக்காரணத்துக்காகப் பூனையை வீட்டைவிட்டு ஓட்ட வேண்டியதில்லை.

1950-களில் மாநிலங்களவையில் பிராணிகளுக்காகக் குரல் எழுப்பியவர் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அவர் கொணர்ந்த மசோதாவின் பயனாகவே 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வளர்த்த பிராணியைப் பசியால் வாடும்படி கைவிடுவது அச்சட்டத்தின்படி குற்றம். எனவே சாக்கையும் மீன் சந்தையையும் நினைக்குமுன், மருத்துவரைக் காணுங்கள், தட்டை அளந்து பாருங்கள், மணலை மாற்றுங்கள், மறைவான இடத்தில் மற்றொரு தட்டை வையுங்கள். பேச வாயில்லாத பிராணி தன் குறையைத் தனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறது. அதைக் கேட்டுத் தீர்ப்பது வளர்ப்பவரின் கடமை.