பலகைத் தளம்: மரம் எத்தனை ஆண்டு, கலப்புப் பலகை எத்தனை ஆண்டு?



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மரம், பிளைவுட், கட்டுமானப் பொருள் விற்கும் நம் உறுப்பினர்களின் கடைகளில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. மாடியிலும் கடை முகப்பிலும் பலகைத் தளம் போட விரும்புகிறவர்களும், மரக்காணம் பக்கம் கடற்கரைச் சாலையில் விடுதி நடத்துகிறவர்களும், “மரம் போடலாமா, டபிள்யூ.பி.சி. போடலாமா? எது அதிக நாள் வரும்?” என்று கேட்கிறார்கள். கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு நாம் சொல்லும் பதில் தவறிப்போனால் நஷ்டம் பெரிது. எங்களுக்கே அப்படி ஒன்று நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு, “25 வருஷம் கவலை இல்லை” என்று சொல்லி டபிள்யூ.பி.சி. பலகை கொடுத்தோம். நான்காவது மழைக்காலத்தில் தளம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் பலகைகள் நன்றாகவே இருந்தன. அவற்றைத் தாங்கிய அடிச்சட்டம் விலை மலிவான பைன் மரம். அது மக்கிப் போயிருந்தது. அந்தச் சட்டத்தை நாங்கள் விற்கவில்லை. ஆனாலும் 25 வருஷம் என்று வாய்விட்டுச் சொன்னது நாங்கள்தானே! பேசி முடித்து, இரும்புச் சட்டம் போட்டுக் கொடுத்த செலவில் பாதியை ஏற்றுக்கொண்டோம். அதன் பிறகு இதைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லுவது கடமை என்று எண்ணுகிறோம்.

மரத்தின் ஆயுள்

‘மரம்’ என்று பொதுவாகச் சொல்லி ஆயுள் கூற முடியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மரக்கட்டைகளைப் பாதி அளவு மண்ணில் புதைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்த்திருக்கிறார்கள். அதை வைத்து இந்தியத் தர நிர்ணயத்தில் மூன்று வகுப்புகள் உண்டு. 120 மாதமும் அதற்கு மேலும் நிற்பது முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை இரண்டாம் வகுப்பு. 60 மாதத்துக்குக் குறைந்தது மூன்றாம் வகுப்பு. தேக்கும் சாலும் முதல் வகுப்பு. மாமரமும் இலவமும் மூன்றாம் வகுப்பு. இந்தக் கணக்கு நடுவில் உள்ள வைரத்துக்கு மட்டும் பொருந்தும். வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதி எந்த மரமானாலும் சீக்கிரம் கெட்டுவிடும்.

மண்ணில் படாமல், காற்றோட்டமாக, தண்ணீர் தேங்காமல் வைத்தால் இதே மரங்கள் இன்னும் பல மடங்கு நிற்கும். பர்மாவில் மண்டலே அருகே அமரபுராவில் உள்ள ஊ பெயின் பாலம் 1850-ஐ ஒட்டித் தேக்கில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் நடமாட்டத்தைத் தாங்கியது. அங்கேயும் தண்ணீரில் நின்ற கால்கள் சில கெட்டுப்போய், அவற்றுக்குப் பதில் கான்கிரீட் கால்கள் வைக்க நேர்ந்தது. மரத்தைக் கெடுப்பது வயதல்ல, ஈரம் என்பதற்கு இதுவே சாட்சி. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்வரை அதை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு அங்கே வேலை இல்லை.

மருந்து ஏற்றிய பைன் மரத்தளம் சரியாகப் பராமரித்தால் 10 முதல் 20 ஆண்டு வரும். மருந்து ஏற்றாத பைன், அதாவது நம் பக்கம் பேக்கிங் பெட்டிக்கு வருவது, மழையில் சில ஆண்டுகூடத் தாங்காது.

கலப்புப் பலகையின் ஆயுள்

மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து, சூட்டில் உருக்கி, அச்சில் தள்ளி எடுப்பதுதான் டபிள்யூ.பி.சி. பலகை. தளத்துக்கு வருவதில் பெரும்பாலும் பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக் இருக்கும். நம் கடைகளில் கதவுக்கும் சமையலறை அலமாரிக்கும் விற்கிற டபிள்யூ.பி.சி. பலகையோ பி.வி.சி. நுரையால் ஆனது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. அலமாரிப் பலகையை வெயிலில் தளமாகப் போட்டால் வளைந்து போகும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விற்பது தவறு.

அமெரிக்காவில் 1990-களில் இந்தத் தளப் பலகை பெருமளவில் சந்தைக்கு வந்தது. அப்போது வந்த பலகைகளில் மேலுறை கிடையாது. கரையான் தொடாது, மக்காது என்று விற்றார்கள். ஆனால் பலகைக்குள் இருந்த மரத்தூள் ஈரத்தை மெல்ல இழுத்து, கறை படிந்து, பூஞ்சை பூத்ததாகப் புகார்கள் வந்தன. பிறகு, 2010-ஐ ஒட்டி, பலகையைச் சுற்றிப் பிளாஸ்டிக் மேலுறை போட்ட வகை பரவலானது. இதற்கு 25 ஆண்டும் அதற்கு மேலும் உத்தரவாதம் தரும் கம்பெனிகள் உண்டு. ஆனால் இந்தப் பொருள் பெருமளவில் புழக்கத்துக்கு வந்தே முப்பது ஆண்டுகளைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. மேலுறை போட்ட வகைக்கு வயது அதிலும் பாதிதான். ஆகவே 50 ஆண்டு என்று எவராவது சொன்னால் அது எதிர்பார்ப்பே தவிர, அனுபவம் அல்ல.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். 3 மீட்டர் பலகை, வெப்பம் 30 டிகிரி ஏறினால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளும். முனைக்கு முனை இடைவெளி விடாமல் அடித்தால் தளம் தூக்கிக்கொள்ளும். மரத்தைவிட இது வளைந்து கொடுக்கும் ஆகையால், அடிச்சட்டங்களை 30 முதல் 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கிப் போட வேண்டும். அடர்ந்த நிறப் பலகையில் அக்னி நட்சத்திரத்தில் வெறுங்காலுடன் நிற்க முடியாது.

அடிச்சட்டமே ஆதாரம்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதையும், நம் மாவட்டத்தில் எத்தனையோ கடைகளில் தண்ணீர் புகுந்ததையும் நாம் மறக்கவில்லை. அப்படி வெள்ளம் வந்து வடிந்தாலும், தளத்துக்கு அடியில் சேறு தங்கிவிடும். மேலே எந்தப் பலகை இருந்தாலும் கீழே இருக்கும் சட்டம்தான் முதலில் கெடும். ஆகவே தரையிலிருந்து உயர்த்தி, வாட்டம் கொடுத்து, கால்வானைஸ் குழாயில் அல்லது முதல் வகுப்பு மரத்தில் சட்டம் போட வேண்டும். மரக்காணம் உப்புக்காற்றில் சாதா ஸ்குரூ துருப்பிடித்துவிடும், எஸ்.எஸ். ஸ்குரூவே ஏற்றது.

வரவு செலவுக் கணக்கு

நமக்குக் கணக்குதான் பேச வேண்டும். கீழே உள்ளவை சந்தை விலை அல்ல, ஒரு பேச்சுக்கு வைத்த எண்கள்.

மருந்து ஏற்றிய சாதாரண மரத்தளம் 100 ரூபாய், ஆண்டுக்கு எண்ணெய் பூச 4 ரூபாய், ஆயுள் 12 ஆண்டு என்றால், மொத்தம் 148. ஆண்டுக்கு ஏறக்குறைய 12 ரூபாய்.

கலப்புப் பலகை நல்ல சட்டத்தோடு 160, கழுவித் துடைக்க ஆண்டுக்கு 1, ஆயுள் 25 ஆண்டு என்றால், மொத்தம் 185. ஆண்டுக்கு ஏழரை ரூபாய்கூட ஆகாது.

தேக்கு 300, பராமரிப்பு ஆண்டுக்கு 3, ஆயுள் 30 ஆண்டு என்றால் 390. ஆண்டுக்கு 13. ஆனால் பழைய தேக்குக்கு விலை உண்டு. பழைய மரக் கடையில் 60 ரூபாய் கிடைத்தால் ஆண்டுக்கு 11 ஆகும். கலப்புப் பலகையைக் கழித்தால் வாங்க ஆள் கிடைப்பது அரிது.

அதே கலப்புப் பலகையை மட்டமான சட்டத்தின் மேல் போட்டு, 8 ஆண்டில் பிரித்து எறிய நேர்ந்தால் 168-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 21 ரூபாய். மூன்றிலும் இதுவே அதிகம்.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியவை

நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம், ஆண்டுதோறும் எண்ணெய் பூச ஆள் உண்டு என்றால் நல்ல மரம் போதும். மழையும் கரையானும் உள்ள இடம், பராமரிக்க நேரம் இல்லை என்றால் மேலுறை போட்ட கலப்புப் பலகை ஏற்றது.

உத்தரவாதச் சீட்டை நாமே முதலில் படிக்க வேண்டும். பெரும்பாலும் மக்குவதற்கும் கரையானுக்கும்தான் உத்தரவாதம் இருக்கும். நிறம் மங்குவதற்குத் தனிக் காலம் இருக்கலாம். தவறாகப் பொருத்தினால் உத்தரவாதமே செல்லாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உற்பத்தியாளர் தராத உத்தரவாதத்தை விற்பவர் தனியாகத் தந்தால் விற்பவரையும் பொறுப்பாளி ஆக்க இடம் தருகிறது. ஆகவே கம்பெனி எழுதியதைக் காட்டுவோம். நாமாக ஓர் ஆண்டுகூடச் சேர்த்துச் சொல்ல வேண்டாம். பலகை மட்டும் நாம் கொடுத்தால், “சட்டம் எங்கள் பொறுப்பு அல்ல, ஆனால் இப்படித்தான் போட வேண்டும்” என்று பில்லின் கீழேயே எழுதிக் கொடுப்போம்.

நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அதைப் படித்துவிட்டு இரண்டொருவர் வாங்காமல் போனதும் உண்டு. வாங்கியவர்களிடமிருந்து இதுவரை ஒரு புகாரும் வரவில்லை.