பெயரெழுத்தில் பிறக்கும் இலச்சினை

ஒருவர் தம் பெயரின் முதலெழுத்துகளை இணைத்துத் தமக்கென வரைந்துகொள்ளும் குறியைப் பெயர் இலச்சினை எனலாம். ஓவியர் தம் ஓவியத்தின் மூலையிலும், புகைப்படக் கலைஞர் தம் படத்தின் ஓரத்திலும், வீட்டில் அணிச்சல் செய்து விற்பவர் பெட்டியின் மூடியிலும் அதனைப் பொறிக்கின்றனர். மாணவர்கள் சிலர் தங்கள் செயல்திட்டக் கோப்பின் அட்டையில் வரைகின்றனர். பார்ப்பதற்கு அது சில கோடுகள்தாம். ஆயினும், பெயரை முழுமையாக எழுதாமலேயே 'இஃது இன்னாருடைய வேலை' என்பதை அக்கோடுகள் அறிவித்துவிடுகின்றன.

இவ்வழக்கம் புதிதன்று. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் 1471ஆம் ஆண்டு பிறந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர், தம் பெயரின் முதலெழுத்துகளான 'ஏ', 'டி' ஆகிய இரண்டு உரோமன் எழுத்துகளை இணைத்து ஓர் இலச்சினை அமைத்துக்கொண்டார். அகன்று நிற்கும் 'ஏ' எழுத்தின் இரு கால்களுக்கிடையே சிறிய 'டி' எழுத்து அமர்ந்திருக்கும். மரப்பலகையிலும் செப்புத் தகட்டிலும் செதுக்கி அச்சிடப்பட்ட அவருடைய படங்கள் ஐரோப்பாவின் பல நகரங்களில் விற்பனையாயின. மார்கன்தோனியோ ரைமொண்டி என்ற இத்தாலியர் அப்படங்களை இலச்சினையோடு அப்படியே படியெடுத்தார். இதைக் கண்ட டூரர் வெனிஸ் நகர ஆட்சி மன்றத்திடம் முறையிட்டார் என்றும், டூரரின் பெயர்க்குறியை ரைமொண்டி இனிப் பயன்படுத்தக்கூடாது என மன்றம் கட்டளையிட்டது என்றும் ஓவியர் வரலாறுகளை எழுதிய வசாரி குறிப்பிடுகிறார். இரண்டே எழுத்துகளால் ஆன குறி, ஒரு கலைஞரின் உழைப்புக்குச் சான்றாக மதிக்கப்பட்டதை இதனால் அறியலாம்.

இலச்சினை வரைய விரும்புபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த எழுத்துகளைக் கொண்டு வரைவது என்பதாகும். தமிழர்கள் தம் பெயருக்கு முன் தந்தையின் பெயரிலுள்ள முதலெழுத்தை இட்டு எழுதுவது வழக்கம். சிலர் ஊரின் முதலெழுத்தையும் சேர்ப்பர். ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'உ' என்பது உத்தமதானபுரம் என்னும் ஊரையும், 'வே' என்பது தந்தை வேங்கடசுப்பையரையும், 'சா' என்பது சாமிநாதையர் என்னும் அவருடைய பெயரையும் குறிக்கும். ஆக, ஊர், தந்தை, தாம் என மூன்று செய்திகளை மூன்று எழுத்துகள் சுமக்கின்றன. இக்காலத்தில் தாயின் பெயரெழுத்தையும் சேர்த்துக்கொள்வோர் உள்ளனர். யாருடைய எழுத்தைத் தம் எழுத்தோடு சேர்ப்பது என்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது.

அடுத்து எழும் கேள்வி, தமிழ் எழுத்தா, உரோமன் எழுத்தா என்பது. மலேசிய மாணவர் ஒருவரின் பெயர், அடையாள அட்டையில் உரோமன் எழுத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே, இலச்சினைக்கும் அந்த எழுத்தையே பலர் எண்ணிப் பாராமல் எடுத்துக்கொள்கின்றனர். கண்ணன், குமரன், கோகிலா ஆகிய மூவரும் உரோமன் எழுத்தில் வரைந்தால் மூவருக்கும் 'கே' என்ற ஒரே எழுத்துதான் கிடைக்கும். தமிழில் வரைந்தாலோ 'க', 'கு', 'கோ' என மூன்று வேறு எழுத்துகள் கிடைக்கும். தமிழின் உயிர்மெய்யெழுத்து, மெய்யோடு உயிரையும் தன்னுள் கொண்டிருப்பதே இதற்குக் காரணம். 'தமிழ் முரசு' நாளிதழின் நிறுவனர் கோ. சாரங்கபாணி, உரோமன் எழுத்தில் 'ஜி' சாரங்கபாணி என எழுதப்படுகிறார். 'கோ' என்பதிலுள்ள நெட்டுயிரின் ஓசை அங்கே மறைந்துவிடுகிறது.

எனினும், எல்லா இடங்களிலும் தமிழ் எழுத்தே தெளிவைத் தரும் என்று கூற இயலாது. சந்திரன், சங்கர் ஆகிய இருவருக்கும் தமிழில் 'ச' என்பதே முதலெழுத்து. உரோமன் எழுத்தில் அவை பெரும்பாலும் 'சி' என்றும் 'எஸ்' என்றும் பிரியும். மேலும், பல இனத்தவர் வாழும் நாட்டில் எல்லாரும் படிக்க வேண்டிய குறிக்கு உரோமன் எழுத்து பொருத்தமாக அமையலாம். இலச்சினையை யார் பார்க்கப் போகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்து இதனை முடிவு செய்ய வேண்டும்.

எழுத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அதன் வடிவத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். தமிழ் எழுத்துகளில் 'ட', 'ப' போன்றவை நேர்க்கோடுகளால் ஆனவை. 'அ', 'ஐ', 'ஒ' போன்றவை வளைவும் சுழியும் நிறைந்தவை. 'ப' மேற்புறம் திறந்த கிண்ணத்தைப் போன்றது; அதனுள் வேறோர் எழுத்தை வைக்கலாம். ஆனால், அழகுக்காக ஒரு கோட்டை நீக்கும்போது மிகுந்த கவனம் தேவை. 'ப' எழுத்தின் வலக்கோட்டை நீக்கினால் அது 'ட' ஆகிவிடும். 'கோ' எழுத்தின் துணைக்காலை விட்டால் 'கே' ஆகும்; இரட்டைச் சுழிக்கு மாறாக ஒற்றைச் சுழியை வரைந்தால் 'கொ' ஆகும். புள்ளி பற்றிய கவலை மட்டும் பெரும்பாலும் இல்லை. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது என்பது தமிழ் இலக்கண விதியாதலால், தமிழ்ப் பெயரின் முதலெழுத்தில் புள்ளி இடம்பெறாது.

எழுத்துகளை இணைப்பதற்குப் பல வழிகள் உள்ளன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது ஒரு வழி. வோக்ஸ்வேகன் மகிழுந்தின் வட்டச் சின்னத்தில் 'வி' மேலும் 'டபிள்யூ' கீழும் நிற்பதைக் காணலாம். எழுத்தையும் பொருளையும் ஒன்றாக்குவது மற்றொரு வழி. பெட்ரோனாஸ் நிறுவனத்தின் சின்னத்தில் எண்ணெய்த் துளியும் 'பி' எழுத்தும் இணைந்துள்ளன. அகலத்தில் வேறுபடும் எழுத்துகளை ஒரே வகைக் கோடுகளால் ஒன்றுபடுத்துவதும் உண்டு. ஐபிஎம் நிறுவனத்திற்காக பால் ராண்ட் 1972இல் அமைத்த சின்னத்தில், ஒடுங்கிய 'ஐ' எழுத்தையும் அகன்ற 'எம்' எழுத்தையும் எட்டுக் கிடைக்கோடுகள் ஒரே தோற்றமுடையவை ஆக்குகின்றன. 'ர' போன்ற குறுகிய எழுத்தையும் 'ணை' போன்ற நீண்ட எழுத்தையும் கொண்ட தமிழுக்கும் இவ்வுத்தி பயன்படும்.

எழுத்துகள் ஒரு கோட்டைப் பகிர்ந்துகொள்வது இன்னொரு வழியாகும். எடுத்துக்காட்டாக, பரமன் என்பவரின் மகள் வாணிக்கு 'ப', 'வா' ஆகிய எழுத்துகள் உரியவை. 'ப' என்னும் கிண்ணத்துக்குள் 'வா' எழுத்தை வைத்து, துணைக்காலின் வலக்கோட்டையும் 'ப' எழுத்தின் வலக்கோட்டையும் ஒன்றாக்கலாம். ஆனால், துணைக்காலின் மேல்வளைவு உச்சிவரை உயர்ந்தால் கிண்ணத்தின் வாய் பாதி மூடிவிடும். பார்ப்பவருக்கு 'ப' தெரியாது. வளைவைக் கோட்டின் பாதி உயரத்தில் இணைத்தால் இரண்டு எழுத்துகளும் தெளிவாகத் தெரியும். இத்தகைய சிறு மாற்றங்களே ஓர் இலச்சினையைப் படிக்கத்தக்கதாக ஆக்குகின்றன.

இதனால் முதல் வரைவோடு நின்றுவிடக் கூடாது. கட்டமிட்ட தாளில் பென்சிலால் இருபது சிறு வரைவுகளையாவது வரைந்து, அவற்றுள் சிறந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கணினியை நாடுவதற்கு முன்பே இப்பணியை முடித்துவிட வேண்டும். வண்ணத்தையும் இறுதியில்தான் சேர்க்க வேண்டும். கறுப்பு மையில் தெளிவாக நிற்காத வடிவத்தை எந்த வண்ணமும் காப்பாற்றாது.

தேர்ந்தெடுத்த வரைவுகளை மூன்று வகையில் சோதிக்கலாம். முதலாவதாக, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அவற்றுள் சிலவற்றை நீக்க வேண்டும். இரண்டாவதாக, வகுப்பறைச் சுவரில் ஒட்டி எதிர்ச்சுவரிலிருந்து நோக்க வேண்டும். மூன்றாவதாக, எந்த எழுத்துகள் என்று சொல்லாமல் நண்பர் ஒருவரிடம் காட்டி, அவர் என்ன படிக்கிறார் என்று கேட்க வேண்டும். வரைந்தவருக்கு விடை முன்பே தெரியும். ஆகவே, அவருடைய கண் அவரை ஏமாற்றக்கூடும். நண்பரின் கண் அவ்வாறு ஏமாற்றாது.

பிறருடைய சின்னத்தைச் சிறிது மாற்றித் தமதாக்கிக்கொள்வது முறையன்று. பெயர் இலச்சினையை விற்பனைப் பொருளில் பயன்படுத்த எண்ணுபவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். மலேசியாவில் வணிகச் சின்னங்களை மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகம், 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்கிறது. ஒருவர் பதிவு செய்த சின்னத்தைப் போன்ற குறியை அதே வகைப் பொருளுக்கு மற்றவர் பயன்படுத்தினால் வழக்கை எதிர்நோக்க நேரிடலாம்.

பெயரைப் பெற்றோர் சூட்டுகின்றனர். அது பதிவேடுகளில் எந்த எழுத்தில் இடம்பெற வேண்டும் என்பதை அலுவலகங்கள் முடிவு செய்கின்றன. இலச்சினையில் மட்டுமே அப்பெயரின் எந்த எழுத்து, எந்த மொழியில், எந்த வடிவில் நிற்க வேண்டும் என்பதை உரியவரே முடிவு செய்கிறார். அதனால்தான் அதனை அவசரமின்றி எண்ணி வரைய வேண்டும். செய்து முடித்த வேலையின் மூலையில் அதனை இடும் மாணவர், 'இதன் நிறைக்கும் குறைக்கும் நானே பொறுப்பு' என்று ஒப்புக்கொள்கிறார். அந்தப் பொறுப்பை ஏற்கும் அளவுக்கு வேலையும் செம்மையாக இருந்தால், சிறிய அந்த எழுத்துகளுக்குத் தனி மதிப்பு உண்டாகும்.