அருவிக்கு ஒரு சாய்தளம்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் லாட்ஜ் கிடைப்பது குதிரைக் கொம்பு. எண்ணெய் மசாஜ் கடை, ரம்புட்டான் கடை எல்லாம் தாண்டிக் குற்றால அருவிக்குப் போகிற அந்தக் கூட்டத்தில் ஒரு சக்கர நாற்காலியைத் தேடிப் பாருங்கள். அபூர்வமாகத்தான் கண்ணில் படும். இத்தனைக்கும் குற்றாலத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில்தான், மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு சங்கமே நடக்கும் ஆய்க்குடி இருக்கிறது.

அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவர். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரு போனவர், உடற்திறன் சோதனையில் மரத்திலிருந்து விழுந்தார். கழுத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கைகால் முடங்கின.

ஏழு வருடம் கழித்து, 1982 மார்ச்சில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இன்னொரு மரம். பாடகர் டெடி பென்டர்கிராஸின் கார் அதில் மோதியது. அவருக்கும் அதே முதுகுத்தண்டு காயம். அப்போது வயது 31. பாட்டுக்கு மூச்சுதான் மூலதனம். அந்தக் காயமோ மூச்சை வெளியே தள்ளும் விலா, வயிற்றுத் தசைகளிலேயே கை வைக்கிறது. ஆனாலும் 1984-ல் அவருடைய ஆல்பம் வந்தது. 1985 ஜூலையில் ‘லைவ் எய்ட்’ இசை நிகழ்ச்சி மேடையில் சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடினார். பின்னாளில், தன்னைப்போல் அடிபட்டவர்களுக்காக ஓர் அமைப்பும் தொடங்கினார்.

டெடிக்குப் பெயரும் மேடையும் முன்பே இருந்தன. ராமகிருஷ்ணனுக்கு இருந்தது ஒரு கீற்றுக்கொட்டகை. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல், ஐந்து பிள்ளைகளோடு அங்கே பள்ளி தொடங்கினார். ராணுவ மருத்துவமனையில் தனக்குச் சிகிச்சை தந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அது ‘அமர் சேவா சங்கம்’ ஆனது. தசைச்சிதைவு நோயால் தானும் சக்கர நாற்காலியில் இருக்கும் ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பிறகு வந்து தோள்கொடுத்தார். இன்று அங்கே முடங்கிய காலைத் தாங்கும் காலிப்பர் செய்கிறார்கள், பிசியோதெரபி தருகிறார்கள். வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளின் வீட்டுக்கே பணியாளர்கள் போய், தாய்க்குப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். என்னைக் கேட்டால், 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு வந்த பத்மஸ்ரீயைவிட இந்த வீட்டு வாசல் வேலைதான் பெரிது.

இப்படிப்பட்டவர்களைத் ‘தன்னம்பிக்கை நாயகன்’ என்று எழுதிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். தலைப்பு போடுவது சுலபம். சிமென்ட் போடுவதுதான் செலவு.

பழைய குற்றாலத்துக்குப் படி ஏற வேண்டும். மற்ற அருவிகளில் பாசி வழுக்கும் பாறை, முண்டியடிக்கும் கூட்டம். பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகளும் வந்துபோகும்படி இருக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சென்னை மெரினா மணலில் 263 மீட்டருக்கு மரப்பாதை 2022-ல் வந்தது. மணலில் முடிந்தது பாறையில் முடியாதா?

அடுத்த சீசனுக்குள் குற்றாலம் பேரருவியில் மட்டுமாவது, சாலையிலிருந்து தண்ணீர் விழும் இடம்வரை வழுக்காத சாய்தளமும் கைப்பிடிக் கம்பியும், குளிக்கத் தனியாக ஒரு நேரமும் ஒதுக்குங்கள். எங்கே, எவ்வளவு சரிவு வேண்டும் என்று கேட்டால் ஆய்க்குடியில் சொல்வார்கள்.