கடவுள், நாடகம், குலுக்கல்: ஏதென்ஸில் மக்களாட்சி எப்படிப் பிறந்தது?

கி.மு. 6-ம் நூற்றாண்டு. ஏதென்ஸ் நகருக்குள் ஒரு ரதம் வருகிறது. அதில் போர்க்கவசம் அணிந்து, நல்ல உயரமான ஒரு பெண் நிற்கிறாள். 'அதீனா தேவியே பெய்சிஸ்ட்ராடஸை அழைத்து வருகிறாள்' என்று முன்னால் ஓடும் ஆட்கள் கத்துகிறார்கள். மக்கள் அவளைக் கும்பிடுகிறார்கள். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டிருந்த பெய்சிஸ்ட்ராடஸ் மறுபடியும் ஆட்சியைப் பிடிக்கிறார்.

அவள் தேவியெல்லாம் இல்லை. ஃபையா என்ற கிராமத்துப் பெண். இந்தக் கதையைச் சொல்லும் ஹெரோடோட்டஸ், புத்திசாலிகள் என்று பெயரெடுத்த ஏதென்ஸ்காரர்கள் இதை எப்படி நம்பினார்கள் என்று அவரே ஆச்சரியப்படுகிறார்.

சில பத்தாண்டுகளில் இதே ஊரில்தான் மக்களாட்சி பிறந்தது. அப்போ, கடவுளை ஓரம்கட்டிவிட்டுத்தான் மக்கள் அதிகாரத்துக்கு வந்தார்களா? இல்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

சாமியிடம் கேட்டு வைத்த பெயர்கள்

கி.மு. 594-ல் சோலோன், கடனைக் கட்ட முடியாதவர்களை அடிமையாக்கும் வழக்கத்தை ஒழித்தார். ஆனாலும், பெரிய குடும்பங்களின் பிடி தளரவில்லை. பெய்சிஸ்ட்ராடஸின் மகன் ஹிப்பியாஸ் கி.மு. 510-ல் விரட்டப்பட்ட பிறகு, கிளைஸ்தனிஸ் கொண்டுவந்த மாற்றம்தான் பெரிய திருப்பம்.

பழைய குல அமைப்புக்குப் பதிலாக 10 புதிய பிரிவுகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் நகரம், கடற்கரை, உள்நாடு என மூன்று பகுதிக்காரர்களும் கலந்திருந்தார்கள். ஒரே குடும்பம் ஒரு வட்டாரத்தையே கையில் வைத்திருக்க முடியாதபடி செய்த ஏற்பாடு இது.

சரி, நேற்று உருவான பிரிவை மக்கள் தங்களுடையது என்று எப்படி உணர்வார்கள்? 100 வீரர்களின் பெயர்ப் பட்டியல் டெல்ஃபி கோயிலுக்குப் போனது. அங்கே குறி சொல்லும் பெண் பூசாரி தேர்ந்தெடுத்த 10 பெயர்களே பிரிவுகளின் பெயர்களாயின. அந்த வீரர்களுக்கு வழிபாடும் நடந்தது. அரசியல் சீர்திருத்தம் சாமி காரியமாகவும் மாறியது.

தேர்தல் அல்ல, குலுக்கல்

ஒரு பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபை. 30 வயதைத் தாண்டிய குடிமக்கள் குலுக்கலில் தேர்வானார்கள். பதவிக்காலம் ஓராண்டு, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. தேர்தல் வைத்தால் பணக்காரரும் பிரபலமானவரும்தான் ஜெயிப்பார்கள் என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தது. ஆனால், 10 தளபதிகளை மட்டும் வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள். போரை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்க அவர்கள் தயாராக இல்லை!

குடிமக்கள் எல்லோரும் கூடும் சபை, பிநிக்ஸ் குன்றில் நடந்தது. முதலில் பன்றிக்குட்டியைப் பலி கொடுத்து இடத்தைச் சுத்திகரிப்பார்கள். அடுத்து பிரார்த்தனை. கூடவே, மக்களை ஏமாற்றிப் பேசுபவர்களுக்கு ஒரு சாபம். அதன் பிறகே விவாதம்.

திருவிழாவும் அரசியல் மேடைதான்

டயோனிசஸ் கடவுளுக்கான திருவிழாவில் நாடகப் போட்டி நடக்கும். நடுவர்களும் குலுக்கலில்தான் தேர்வானார்கள். பணக்காரர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு நாடகம் நடத்த வேண்டும். ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' கி.மு. 472-ல் மேடையேறியபோது செலவை ஏற்றவர், பிற்காலத்தில் ஏதென்ஸின் தலைவராக உயர்ந்த பெரிக்ளிஸ். தோற்றுப்போன எதிரியின் துக்கத்தை, ஜெயித்த ஊர் உட்கார்ந்து பார்த்த நாடகம் அது.

கோயில் கஜானாவாகவும் இருந்தது. பார்த்தினனில் இருந்த அதீனா சிலையின் தங்கம் 40 டேலண்ட், ஏறத்தாழ ஒரு டன். அவசரம் என்றால் அதைக் கழற்றிப் போருக்குச் செலவிடலாம், ஆனால் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று பெரிக்ளிஸ் சொன்னதாக வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் எழுதுகிறார்.

'மக்கள்' என்றால் யார்?

பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் யாருக்கும் வாக்கு இல்லை. கி.மு. 451 முதல், தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை. ஆனால், நகரத்தின் காவல் தெய்வமான அதீனாவுக்குத் தலைமைப் பூசாரி ஒரு பெண்தான்! சபையில் ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு, கோயிலில் மரியாதையும் செல்வாக்கும் கிடைத்தன.

விரிசல் விழுந்த இடம்

மதமும் அரசும் இப்படிப் பின்னிக் கிடந்ததால் ஓர் ஆபத்தும் இருந்தது. சாமியைக் கேள்வி கேட்பது ஊரையே கேள்வி கேட்பதாகப் பார்க்கப்பட்டது. கி.மு. 399-ல் சாக்ரடீஸ் மீது வழக்கு. நகரத்தின் கடவுள்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள்.

பின்னணியில் அரசியலும் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு மக்களாட்சியைக் கவிழ்த்துக் கொடூர ஆட்சி நடத்திய 'முப்பது பேர்' குழுவின் முக்கியத் தலைவர் கிரிட்டியாஸ், ஒருகாலத்தில் சாக்ரடீஸுடன் பழகியவர். அந்தக் காயம் ஊருக்கு ஆறியிருக்கவில்லை.

தீர்ப்பு சொன்னது ராஜாவோ பூசாரியோ இல்லை. குலுக்கலில் தேர்வான, சுமார் 500 சாதாரணக் குடிமக்கள். பெரும்பான்மை வாக்கில் மரண தண்டனை.

நடைமுறையில் எந்தத் தவறும் இல்லை. எல்லாம் ஜனநாயகப்படியே நடந்தது. பெரும்பான்மை முடிவு செய்துவிட்டால் அது நியாயமாகிவிடுமா என்ற கேள்வியை ஏதென்ஸ் அன்று விட்டுச்சென்றது. 2,400 ஆண்டுகளுக்குப் பிறகும், வாக்களிக்கும் ஒவ்வொரு சமூகத்தின் முன்னாலும் அது அப்படியே நிற்கிறது.